“தெரியலம்மா” என்று சொன்ன தலைவர்

போன மாதம் எங்கள் சபையின் புதிய நிர்வாகிகள் மூன்று பேர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். ஒரு கச்சேரிக் குழுவை ஆகாய விமானத்தில் சிங்கப்பூருக்கு அனுப்பப் போகிறார்களாம். அதற்கு முன் சபையைச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டுமாம். ‘தலைவரின் கடமைகள்’ என்ற தலைப்பில் அரைப்பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள்.

“நீங்க எத்தன தலைவரப் பாத்தவுக. உங்களுக்கு இது ஒரு நாழி வேல” என்றார் அவர்களில் மூத்தவர்.

எழுத உட்கார்ந்தேன். கூட்டங்களுக்குத் தலைமை வகிப்பது, தீர்மானங்களில் கையெழுத்திடுவது என்று இரண்டு வரி ஓடியது. அப்புறம் ஓடவில்லை. முதல் தலைவர் மீராசா சாயபுவின் முகம்தான் நினைவில் வந்து நின்றது. அரைப்பக்கத்துக்கு அடங்குகிற ஆள் அல்ல அவர். அதனால் கடமைகளை அவர்களே எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, நான் கண்டதைச் சொல்கிறேன்.

சபையின் முழுப்பெயர் நீளமானது. அதை யாரும் சொன்னதில்லை. ஊரில் அதற்கு அக்கரைச் சபை என்றுதான் பேர். தாமிரவருணிப் பக்கத்து வித்துவான்களைக் கொழும்புக்கும் பினாங்குக்கும் அழைத்துப் போவோம். கடல் கடந்து பிழைக்கப் போன நம்மவர்கள் நல்ல சங்கீதம் கேட்க வேண்டும் என்பது நோக்கம். அங்கே வசூலாகும் பணத்தில் வித்துவான்களுக்கு உரியது போக மிச்சமிருந்தால், சித்திரையில் ஆற்றங்கரையில் பந்தல் போட்டு ஊரார் எல்லாரும் சும்மா கேட்கும்படி கச்சேரி நடக்கும். நிர்வாகிகளுக்கு அதில் ஒரு தம்பிடி கிடையாது. இரண்டு ஊரிலும் கிளை உண்டு என்று சொல்லிக்கொண்டோமே தவிர, அத்தனை அங்கத்தினரையும் உட்கார வைத்தால் ஒரு கல்யாணப் பந்தியில் பாதி வரிசைக்குக் காணாது.

நான் அதற்குள் வந்தது சங்கீத ஞானத்தால் அல்ல. திருநெல்வேலி டவுணில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். இங்கிலீஷில் கடிதம் எழுதுவேன். ஸ்டீமர் கம்பெனிக்குக் கடிதம் எழுத ஓர் ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். முதல் இரண்டு வருஷமும் கடிதம் எழுதுவதும், வித்துவான்களை ரயிலேற்றுவதும், அவர்கள் மறந்துவிட்டுப் போன செம்பையும் விசிறியையும் எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலில் ஓடுவதுமாகப் போயின. பிறகு ஒரு நாள் கூட்டத்தில் என்னைக் காரியதரிசி என்று சொல்லிவிட்டார்கள்.

மீராசா சாயபு மேலப்பாளையத்துக்காரர். ஜவுளி வியாபாரம். டவுண் தெற்கு ரத வீதியில் கடை. பினாங்கிலும் ஒரு கடை இருந்தது. எங்கள் சபை இருந்தது அந்த டவுண் கடையின் மாடியில். மெலிந்த உடம்பு, பெரிய வெள்ளைத் தலைப்பாகை. குரல் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும். எல்லாரும் அவரை மொதலாளி என்போம். கூட்டத்தில் கடைசியாகத்தான் பேசுவார். அதுவரை, யார் பேசினாலும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு இருப்பார். சங்கீதத்தில் உயிர். ஆனால் ராகம் இன்னதென்று தெரியாது. “பேரு தெரியாது தம்பி. மனசு நனையுதா இல்லையான்னு தெரியும்” என்பார். பெரிய வித்துவான்களிடமும் இதை வெட்கப்படாமல் சொல்வார். அவர்களுக்கும் அவரிடம் பாடிக்காட்டத்தான் பிடிக்கும்.

அவர் போக்கு எனக்கு முதலில் புரிந்தது கொழும்பில். செட்டியார் தெருவுக்குப் பின்னால் ஒரு சரக்குக் கிட்டங்கியைக் காலி செய்து மேடை போட்டிருந்தார்கள். பாட்டுக்காரர் சுருதி சேர்த்து உட்கார்ந்துவிட்டார். முன்வரிசை நாற்காலிகள் எல்லாம் காலி. ஊர்ப் பெரிய மனிதர்களுக்கென்று வைத்தவை, அவர்கள் இன்னும் வரவில்லை. பின்னால் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற நம்மூர்க்காரர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்சம் பொறுக்கலாம் என்றார்கள் கிளைக்காரர்கள்.

“பாடுதவுக வந்தாச்சு, கேக்குதவுகளும் வந்தாச்சு. இன்னும் யாரு வரணும்?” என்றார் சாயபு.

எழுந்து பின்னால் போனார். நின்றுகொண்டிருந்தவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து முன் நாற்காலிகளில் உட்கார வைத்தார். அவர்கள் கூச்சத்தில் நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டு இருந்தார்கள். கச்சேரி பாதியில் பெரிய மனிதர் ஒருவர் பரிவாரத்தோடு வந்தார். கிளைக்காரர்களுக்கு முகம் வெளுத்துவிட்டது. சாயபு தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு, மங்களம் பாடும்வரை சுவரோரம் நின்றே கேட்டார். மறுநாள் அந்தப் பெரிய மனிதர் ஆளனுப்பி, தன்னையும் சபையில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

வித்துவான்களை அக்கரைக்கு அழைப்பதில் சாயபு ஒரு முறை வைத்திருந்தார். ஆள் அனுப்பிக் கேட்க மாட்டார். அவரே வீட்டுக்குப் போவார், நானும் கூடப் போக வேண்டும். வித்துவானிடம் பேசுவதற்கு முன் வீட்டுப் பெண்களிடம் பேசுவார். தாயோ மனைவியோ மனசில்லாமல் தலையாட்டினால் அந்த ஆளை விட்டுவிடுவார். சம்மதம் கிடைத்தபின் சாமான் கட்டுவது என் வேலை. தவிலைக் கம்பளியில் சுற்றி, அதற்கு மேல் பத்தமடைப் பாயைச் சுற்றிக் கயிறு போட வேண்டும். கடற்காற்று பட்டால் தோல் தொய்ந்துவிடும். நாகசுரக்காரர் வாயில் வைத்து ஊதுகிற சீவாளிகளின் பெட்டியை யாரிடமும் கொடுக்க மாட்டார், மடியிலேயே வைத்திருப்பார். கப்பலில் மேல்தட்டில் கித்தான் கூரைக்குக் கீழே ஒரு வாரம் படுத்து எழ வேண்டும். புளிக்காய்ச்சலும் வறுத்த அரிசிமாவும் கல்லிடைக்குறிச்சி அப்பளமும் தனியே ஒரு தகரத்தில் போகும். பினாங்கை நெருங்கியதும் நேரே ஊருக்குள் விட மாட்டார்கள். முன்னால் இருக்கிற ஒரு தீவில் இறக்கி, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்து வைத்திருந்துதான் அனுப்புவார்கள். இதையெல்லாம் புறப்படுமுன் வித்துவானின் வீட்டில் விளக்கமாகச் சொல்லிவிட வேண்டும். பாதியை மறைத்துக் கூட்டிப் போகக் கூடாது என்பது சாயபுவின் உத்தரவு.

ஜெர்மன் யுத்தம் தொடங்கிய வருஷம், அது தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், பினாங்கு நவராத்திரிக்கு ஒரு மேளம் அனுப்ப ஏற்பாடு செய்தோம். ஸ்ரீவைகுண்டத்து நாகசுரக்காரர் ஒருவர், அவர் தம்பி, தவிலுக்கு இருவர், தாளத்துக்கு ஒருவர். தவில்காரர்களில் ஒருவர் முக்கூடல் முத்துவீரன். கனத்த கை. எந்நேரமும் சிரித்த முகம். நாங்கள் அவர் வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி ஆவுடையம்மாள் முற்றத்தில் நெல் காய வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு சின்னப் பிள்ளைகள் காக்காய் விரட்டிக்கொண்டிருந்தன.

சாயபு வெயிலில் நின்றபடியே, “அம்மா, இவுகளப் பினாங்குக்குக் கூட்டிட்டுப் போகணும்னு சபையில ஆசப்படுதோம். உங்க சம்மதம் வேணும்” என்றார்.

அவள் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே, “நான் வேண்டாம்னா விட்டுருவீகளா?” என்று கேட்டாள்.

“விட்டுருவேன்.”

கால் நின்றது. நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். “எப்பம் திரும்புவாக?”

“நவராத்திரி முடிஞ்சு, தீவாளிக்கு முன்னால. கடலுக்கு நான் வாக்குக் குடுக்க முடியாதும்மா. ஆனா கூட்டிட்டுப் போறதும் திரும்பக் கொண்டாந்து விடுததும் சபைப் பொறுப்பு. எதுன்னாலும் நீங்க என்கிட்ட வந்து கேக்கலாம்.”

“கேப்பேன் மொதலாளி. நல்லாக் கேப்பேன்” என்றாள். முத்துவீரன் வழக்கம்போல் சிரித்தார்.

ஐந்து பேரையும் நாகப்பட்டணத்தில் கப்பலேற்றிவிட்டு வந்தேன். சுகமாய்ச் சேர்ந்தோம் என்று கடிதம் வந்தது. அப்புறம் யுத்தம் வந்தது. ஜெர்மன் கப்பல் ஒன்று நம் கடலுக்குள்ளேயே திரிந்துகொண்டு, வருகிற போகிற கப்பல்களையெல்லாம் முழுக அடிப்பதாகப் பத்திரிகைகளில் போட்டார்கள். சென்னைப் பட்டணத்திலேயே குண்டு விழுந்தது. ஸ்டீமர்கள் ஓடுவது நின்றது. பினாங்கிலிருந்து கடைசியாக வந்த கடிதத்தில், எந்தக் கப்பல் கிடைத்தாலும் ஏறிவிடுகிறோம் என்று நாகசுரக்காரர் எழுதச் சொல்லியிருந்தார். அந்த ஒரு வரிதான் எங்களை வாட்டியது. ஏறினார்களா, இல்லையா? தீபாவளி போய்விட்டது. அதற்குப் பத்துப் பதினைந்து நாளில், பினாங்குத் துறைமுகத்துக்குள்ளேயே அந்த யுத்தக் கப்பல் புகுந்து பீரங்கியால் சுட்டதாகச் சேதி வந்தது. தந்தி மேல் தந்தி கொடுத்தேன். யுத்தத் தந்திகளுக்கு நடுவில் எங்களுடையது எங்கே கிடந்ததோ, பதில் இல்லை.

ஐந்து வீட்டுக்காரர்களும் சபை வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஆவுடையம்மாள் பேட்டையில் சொந்தக்காரர் வீட்டில் பிள்ளைகளோடு வந்து தங்கி, தினமும் வந்தாள்.

அவசரக் கூட்டம் போட்டோம். உபதலைவர் நமசிவாயம் பிள்ளை, தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் மரியாதை உள்ளவர், நல்ல மனுஷர். அவர்தான் முதலில் பேசினார். “பொம்பளைங்க அழுதுட்டு வந்து நிக்காவ. பாக்கச் சகிக்கல. சௌக்கியமா இருக்காவன்னு தந்தி வந்துச்சுன்னு சொல்லி அனுப்பிருவோம். நாலு நாளு நிம்மதியாத் தூங்குவாவ. அதுல என்ன பாவம்?”

இன்னொருவர், போனவர்கள் தங்கள் இஷ்டத்தின் பேரில் போனவர்கள், யுத்தத்துக்குச் சபை எப்படிப் பொறுப்பாகும் என்றார். எனக்கும் தாசில்தார் சொன்னதே நல்லதாகப் பட்டது. வாசலில் அழுகிற சத்தம் மாடிக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

எல்லாரும் பேசி முடித்த பிறகு சாயபு சொன்னார். “சபைக்குப் பொறுப்பு இல்லைன்னா எனக்கு இருக்கு. அது ஒண்ணு. பிள்ளைவாள், நாளைக்கு நெசமாவே தந்தி வரும், இன்ஷா அல்லா. அப்பம் அத அவுக எப்படி நம்புவாக? நமக்குத் தெரிஞ்சதச் சொல்லுவோம். தெரியலன்னா தெரியலன்னு சொல்லுவோம். நானே சொல்லுதேன்.”

“தினமும் நீங்க எறங்கிப் போக வேண்டாம் மொதலாளி, நான் சொல்லுதேன்” என்றேன்.

“கூட்டிட்டுப் போனது நான்தான தம்பி. நான்தான் சொல்லணும்.”

அன்று முதல் தபால்காரர் வந்துபோனதும் சாயபு மாடியிலிருந்து இறங்குவார். கடை வாசலில் நின்று, வார்த்தை மாறாமல் ஒரே மாதிரி சொல்லுவார். “இன்னைக்குத் தபால் வந்துச்சு. நம்ம ஆளுகளப் பத்தித் தகவல் இல்ல. கப்பல் ஏறிட்டாகளா, பினாங்குலயே இருக்காகளா, தெரியல. நாளைக்கும் நான் இங்கன இருப்பேன்.” சொல்லிவிட்டு உடனே மேலேறிவிட மாட்டார். யாராவது ஏதாவது கேட்டால் கேட்கட்டும் என்று நிற்பார். சிலர் கேட்பார்கள், சிலர் திட்டுவார்கள். எல்லாரும் போனபிறகுதான் மேலே வருவார். வந்து தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

முதல் வாரத்தில் ஒரு நாள் ஆவுடையம்மாள் வெடித்தாள். “தெரியலன்னு சொல்லுததுக்கு எதுக்கு மொதலாளி ஒரு சபை? அத எங்க வீட்டு ஆடுகூடச் சொல்லுமே! இருக்காகளா இல்லையா, அதச் சொல்லுங்க!”

“தெரியலம்மா” என்றார் சாயபு.

“அதுக்கா இம்புட்டுப் பெரிய தலப்பா?”

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். கடைப் பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சாயபு, “நீங்க கேக்குதது சரிதாம்மா” என்றார். அவள் கேட்டு ஓய்கிறவரை நின்றார். ஐந்து வீட்டுக்கும் அரிசியும் பருப்பும் போய்ச் சேர்கிறதா என்று என்னிடம் தினமும் விசாரித்தார். பினாங்குக் கடையில் இருந்தது அவருடைய தங்கை மகன். அவனிடமிருந்தும் ஒரு தகவலும் இல்லை. அதைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. கடைக் கணக்குப்பிள்ளை சொல்லித்தான் எனக்கே தெரியும்.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு புரளி கிளம்பியது. பினாங்கிலிருந்து புறப்பட்ட ஸ்டீமர் ஒன்று நடுக்கடலில் முழுகிப் போய்விட்டதாம், அதில் திருநெல்வேலி மேளக்காரர்கள் இருந்தார்களாம். முக்கூடல் சந்தையில் யாரோ சொல்லி, ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் உச்சி வேளையில் ஒரு வண்டி சபை வாசலில் வந்து நின்றது. ஆவுடையம்மாளும் முத்துவீரனின் அண்ணனும் இறங்கினார்கள். அவள் தலைமுடி அவிழ்ந்து கிடந்தது, கண்ணில் மட்டும் ஒரு சொட்டு நீர் இல்லை.

“மொதலாளி, எங்க மச்சான் அவுக தம்பிக்குக் காரியம் செய்யணும்னு என்னையக் கூப்பிட வந்திருக்காக. கப்பலோட போயிட்டாகன்னு ஊரே சொல்லுதாம். நீங்க சொல்லுங்க” என்றாள்.

தாசில்தாரும் நானும் சாயபுவுக்குப் பக்கத்தில் நின்றோம். சாயபு வழக்கமான குரலிலேயே சொன்னார்.

“கப்பல் போச்சுன்னு நானும் கேள்விப்பட்டேம்மா. எந்தக் கப்பல், யாரு பாத்தான்னு விசாரிச்சேன். சொன்னவுக ஒருத்தருக்கும் தெரியல. எனக்கும் தெரியல.”

அவள் மச்சான் பக்கம் திரும்பினாள். “கேட்டீகளா? தெரியலன்னு சொல்லுதாக. இத்தன நாளா இதே வாசல்ல நிக்கேன். நான் எப்பிடியெல்லாம் ஏசியிருக்கேன்! என் வாய அடைக்கவாவது ஒரு நல்ல வார்த்த பொய்யாச் சொல்லிருக்கலாம்லா? சொல்லலியே. இவுக இல்லன்னு சொன்னா நம்புவேன். அதுவரைக்கும் என் தாலிய ஒருத்தரும் தொடக் கூடாது.”

அண்ணன் நல்ல மனுஷர். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி தாயி” என்றார். வண்டி அவள் இல்லாமலே முக்கூடலுக்குத் திரும்பிப் போயிற்று. தாசில்தார் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்த்து, “ஏலே சிதம்பரம், அன்னைக்கு நான் சொன்ன பொய்யச் சொல்லிருந்தா, இன்னைக்கு அந்தப் பிள்ள எதப் புடிச்சுட்டு நிக்கும்?” என்றார். எனக்கும் அதே எண்ணம்தான்.

அன்றைக்கே சாயபு என்னை நாகப்பட்டணத்துக்கு அனுப்பினார். ரயிலடிவரை வந்தார். “அக்கரையில இருந்து எந்தக் கப்பல் வந்தாலும் எறங்குதவுகளக் கேளு. பாத்தது யாரு, எங்கன வச்சுப் பாத்தாக, பீரங்கிக்கு முந்தியா பிந்தியா? மூணுக்கும் பதில் கெடச்சாத்தான் தந்தி குடுக்கணும். சந்தோஷத்துல அவசரப்பட்டுராத தம்பி.”

நாகப்பட்டணத்தில் கடற்கரை வெறிச்சோடிக் கிடந்தது. படகுகளை மணலில் இழுத்துப் போட்டிருந்தார்கள். ஏஜண்டுக் கம்பெனியில் யாரும் வாய் திறக்கவில்லை. சத்திரத்தில் தங்கிக்கொண்டு காலையும் மாலையும் கரைக்குப் போய் நின்றேன். கடலைப் பார்த்துக்கொண்டே நிற்கும்போது, நான்தானே அந்த ஐந்து பேரையும் இங்கே படகில் ஏற்றிக் கையசைத்தேன் என்ற நினைப்பு வரும். அதற்குள் அந்த ஜெர்மன் கப்பல் ஒழிந்தது என்பது உறுதியாயிற்று. பிறகு ஒரு காலையில் தூரத்தில் புகை தெரிந்தது. ஸ்டீமர் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்க, ஆட்கள் படகில் வந்து இறங்கினார்கள். ஒவ்வொருவரையும் கேட்டேன். பாதிப்பேர் ரங்கூனிலிருந்து வந்தவர்கள், மீதிப்பேர் ஒன்றும் அறியார்கள். கடைசிப் படகில் நாகூர்க்காரர் ஒருவர் வந்தார். கப்பலில் வேலை செய்கிற கலாசிகளுக்கெல்லாம் மேலாளர், சேராங்கு என்பார்கள்.

“மேளக்காரங்களா? திருநெல்வேலிப் பக்கமா? அதுல ஒருத்தரு, எதுக்கெடுத்தாலும் சிரிப்பாரே, தவுலு வாசிக்கிறவரு?” என்றார்.

“அவரேதான். எங்க பாத்தீங்க?”

“பினாங்குலதான். ஒரு சீன மொதலாளி கிட்டங்கியில இருக்காங்க. நான் கப்பலேறுறதுக்கு மொத நாளு அந்தச் சீனரு வீட்டுக் கல்யாணம். இவங்க மேளந்தான். ஊரே கூடி நின்னு கேட்டுச்சு தம்பி.”

“அப்படின்னா அது பீரங்கிக்கு…”

“பிந்திதான். குண்டு விழுந்து ரொம்ப நாளைக்கு அப்புறம். அஞ்சு பேரையும் என் கண்ணால பாத்தேன். கப்பல்ல எடம் கெடைக்காமத்தான் இருக்காங்க.”

சாயபுவின் தங்கை மகனைப் பற்றியும் நானாகவே கேட்டேன். அவனும் சுகம் என்றார். அந்தச் சேராங்கின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்து, முதலில் போய்த் தந்தி அடியுங்கள் என்று தள்ளிவிட்டார்.

தந்தி வந்த அன்று சபை வாசலில் நடந்ததைத் தாசில்தார் சொல்லித்தான் கேட்டேன். சாயபு வழக்கம்போல் இறங்கி வந்தாராம். “இன்னைக்குத் தகவல் இருக்கு” என்று தொடங்கினாராம். தந்தியைத் தாசில்தாரிடம் நீட்ட, அவர் தமிழில் படித்துச் சொன்னாராம். ஆவுடையம்மாள் படியில் உட்கார்ந்து, பிள்ளைகள் இரண்டையும் இழுத்து மடியில் போட்டுக்கொண்டாளாம். நான் திரும்பியதும் சாயபு, “சபைத் தந்தியில என் வீட்டுச் சங்கதிய எதுக்குச் சேத்த?” என்று கேட்டார். கேட்டுக்கொண்டே என் கையைப் பிடித்தவர் வெகுநேரம் விடவில்லை.

தை மாதம் ஐந்து பேரும் வந்தார்கள். ரயிலடியில் பெருங்கூட்டம். ஐவரும் பட்டுச் சட்டை போட்டிருந்தார்கள், ஐவருக்கும் தொந்தி விழுந்திருந்தது. அங்கிருந்த நம் தொழிலாளிகளும் நாகூர்க் கடைக்காரர்களும் அந்தச் சீன முதலாளியும் முறை வைத்துச் சோறு போட்டிருக்கிறார்கள். கல்யாணம், கோயில் விசேஷம், குழந்தைக்குப் பெயர் வைப்பது என்று ஓயாமல் மேளம். குண்டு விழுந்த அன்று மட்டும் கிட்டங்கியில் மூட்டைகளுக்கு நடுவே ஒளிந்திருந்தார்களாம்.

ஆவுடையம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். முத்துவீரனை மேலும் கீழும் பார்த்தாள்.

“நான் இங்கன செத்துச் செத்துப் பொழச்சிருக்கேன். நீங்க அங்கன தொந்தி வளத்துட்டு வாரீகளோ?”

“நான் என்ன செய்ய? அன்பா எல போட்டாக. வேண்டாம்னா கோவிச்சுக்கிடுதாக” என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

“சிரிச்சீகன்னா பாத்துக்கிடுங்க!” என்றவள், அப்புறம்தான், அத்தனை பேருக்கும் முன்னால், அவர் தோளில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். சாயபு வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, தவில்கள் பத்திரமாக இறங்கினவா என்று என்னிடம் கேட்டார்.

யுத்தம் முடிகிறவரை அக்கரைப் பயணம் வேண்டாம் என்று நிறுத்தி வைத்தோம். முடிந்ததும் பினாங்குக் கிளையிலிருந்து அதே மேளம் வேண்டும் என்று கேட்டார்கள். நிர்வாகக் கூட்டத்தில் சாயபு, இனி வித்துவான்கள் தனியே போகக் கூடாது, பொறுப்பான ஓர் ஆள் சபையின் சார்பில் கூடவே போய்க் கூடவே வர வேண்டும் என்றார். யார் போவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எனக்கு வீட்டில் பிரசவ காலம். தாசில்தாருக்கு மூட்டுவலி.

“ஆவுடையம்மாவக் கேப்போம்” என்றார் சாயபு.

“பொம்பளையா? சபைக்குத் தலையா நின்னு போகவா?” என்றார் ஒருவர்.

“நம்மளத் தினமும் வாசல்ல நிக்க வச்சுக் கேள்வி கேட்டது யாரு? அங்கனயும் கேப்பாக. கப்பல்காரனையும் கேப்பாக, நம்ம கிளைக்காரங்களையும் கேப்பாக. நமக்கு அப்படி ஒரு ஆளுதான் வேணும்.”

தாசில்தார் உடனே கையைத் தூக்கி ஆமோதித்தார்.

நான் முக்கூடலுக்குப் போய்ச் சொன்னபோது அவள் முதலில் நம்பவில்லை, கேலி செய்கிறேன் என்று நினைத்தாள். அப்புறம் கடலை நினைத்துப் பயந்தாள். இரண்டு நாள் யோசித்துவிட்டு, பிள்ளைகளை மச்சான் வீட்டில் விட ஏற்பாடு செய்துகொண்டு, வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள். நாகப்பட்டணத்தில் வழியனுப்ப நானும் போனேன். ஏஜண்டுக் கம்பெனிக் குமாஸ்தாவிடம், குடிக்கிற தண்ணீர் எங்கே இருக்கும், காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள், கப்பல் நின்றுபோனால் எங்களுக்கு எப்படித் தகவல் வரும் என்று அவள் கேட்டுக்கொண்டே போனாள். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்கு மனசு குளிர்ந்தது. அந்தப் பயணத்தில் அவர்களைப் பற்றி நான் ஒரு ராத்திரிகூட விழித்திருந்து கவலைப்பட்டதில்லை.

போனவர்கள் சொன்ன கெடுவுக்கு முன்னாலேயே திரும்பினார்கள். ஊர் வந்த மறுநாள் ஆவுடையம்மாள் சபைக்கு வந்தாள். அவளுக்கென்று நாற்காலி போட்டிருந்தோம். அவள் உட்காராமல் நின்றுகொண்டே, எந்த ஊரில் எத்தனை கச்சேரி, யார் நன்றாக நடத்தினார்கள், எந்தக் கிளையில் சாப்பாடு நேரத்துக்கு வரவில்லை என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். பினாங்குக் கிளைத் தலைவரை ஒரு நாள் வெயிலில் காக்கவைத்துவிட்டதாகவும் சொன்னாள். வித்துவான்கள் சாப்பிட்டு முடியாததால் அப்படிச் செய்ய வேண்டியதாயிற்றாம். தாசில்தார் ரசித்துக்கொண்டு கேட்டார்.

எல்லாம் கேட்ட பிறகு, கடைசியாக, சாயபு கேட்டார். “அதெல்லாம் சரிம்மா. கடல் எப்படி இருந்துச்சு?”

அவள் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“கடலு கடலுன்னு நீங்க எல்லாரும் பயங்காட்டுனீகளே மொதலாளி. போய்ப் பாத்தா ஒண்ணும் இல்ல. வெறும் தண்ணிதான். நம்ம ஆத்துத் தண்ணிதான அங்கன போயிக் கெடக்கு!”

சாயபு சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்க, தலைப்பாகை சரிய, கண்ணில் நீர் வரச் சிரித்தார். கீழே கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று மாடிக்கு ஓடி வந்துவிட்டார்கள்.